மெஷினுக்குள் இருக்கும் எண்கள்

அன்பு மகன் மதுரனுக்கு, அம்மாவும் தங்கச்சியும் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம், நீ அந்த வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டு, அம்மா சொல்லச் சொல்ல நிரோஜா எழுதுகிறாள். இன்பாஸ் தம்பி வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறாராம், பசறையில் அவருடைய வாப்பாவின் கடையில் இதையும் தேயிலைப் பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறோம். போனில் பேசினால் லயத்து வரிசையில் எல்லாக் காம்பரா வீட்டுக்கும் கேட்கிறது. மழை விடவில்லை, பறிக்கத் தேயிலைக் கொழுந்தும் இல்லை. அப்பாவின் திவசத்தை நல்லபடியாகச் செய்தோம். நீ ஜிம்முக்குப் போய் ஏதோ மாவு கரைத்துக் குடிப்பதாகச் சொன்னாயே, டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே. அப்பாவின் சீனி வருத்தம் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னார், வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்தம் பார். எனக்குச் சீனி கட்டுக்குள் இருக்கிறது, யோசிக்காதே.

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். கட்டுக்குள் இருக்கிறது என்றது பொய். நேற்று அம்மாவுக்குச் சீனி 296. கொப்பியில் 196 என்று எழுதச் சொன்னார், எழுதினேன். அப்பாவுக்கும் இப்படித்தான் எழுதினேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. நீ அனுப்பிய சீனி பார்க்கும் மெஷினில் பார்த்துவிட்டு அப்பா, ஒரு நூறக் கொறச்சுப் போடு புள்ள, டாக்டரு ஏசுவாரு என்பார். கிளினிக் நாளுக்கு முந்திய இரண்டு நாளும் சோற்றைத் தொடமாட்டார், அங்கே பார்த்தாலும் குறைவாகத்தான் வரும். தேத்தண்ணியில சீனியே போடுறதில்லைங்க ஐயா என்று சொல்வார், அது பொய்யுமில்லை, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டல்லவா குடிப்பார். டாக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டாமல் விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், டாக்டரே எனக்கு வெரிகுட் போட்டுட்டாரு, பள்ளிக்கூடத்துல ஒனக்கு யாராச்சும் போட்டாங்களாடி என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மெஷின் எதையும் மறக்கவில்லை அண்ணா. பொத்தானை அழுத்திப் பின்னால் போனால் அம்மாவின் எண்கள் முடிந்து அப்பாவின் எண்கள் வருகின்றன, திகதியோடு, 341, 388, கடைசிக் காலையில் 412. வேண்டாம் என்று நினைத்தாலும் தினமும் அழுத்திப் பார்க்கிறேன். துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தால், உள்ளேயிருந்து அவர் கொறச்சுப் போடு புள்ள என்பது போல இருக்கிறது. இப்போது அம்மாவும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் உள்ளங்கையில் சீனி வைத்துக்கொள்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார்.

அம்மா வந்துவிட்டார். என்னத்த இவ்வளவு எழுதியிருக்க, வாசிச்சுக் காட்டு என்றார். முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். குனிந்தபடியே எல்லாவற்றையும் வாசித்தேன். அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அப்பாவுக்குமா கொறச்ச என்று மட்டும் கேட்டார். ஆமாம்மா என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். குடத்தை வைத்து, கையைத் துடைத்து, விரலை நீட்டினார். 331. இதயே எழுது, அண்ணன் படிக்கட்டும் என்றார்.

மகன், அம்மா சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை கிளினிக். அன்றைக்குப் பேர் போட்டுச் சம்பளம் தராவிட்டாலும் போகிறேன், முந்திய நாள்களில் பட்டினி கிடக்காமல் எப்போதும் போலச் சாப்பிட்டுவிட்டு, வந்த எண்ணை வந்தபடியே காட்டுகிறேன். நீயும் இரத்தம் பார்த்து வந்ததை அப்படியே எழுது. தீர்க்காயுசாக இரு மகன், முருகன் உன் பக்கத்தில் இருப்பான். வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. தங்கச்சிமேல் கோபப்படாதே.

கடைசி வரியையும் அம்மாதான் எழுதச் சொன்னார் அண்ணா. தனக்குக் கோபமில்லை என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா சந்திரகாந்தி
எழுதியது நிரோஜா