சூளையில் பாதி யாருடையது

சகலை,

இன்று விசாரணை முடிந்து வந்து உங்கள் பழைய கோப்பை மேசையில் போட்டேன். அதிலிருந்து வெள்ளைக் களிமண் தூள் உதிர்ந்தது. நீங்கள் போய் ஆறு வருஷமாகிறது, உங்கள் கைமண் இன்னும் அந்தத் தாள்களில் இருக்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அலுத்துவிட்டது, சகலை. அதே படி, அதே பெஞ்சு, அதே கேள்வி.

அக்காளையும் தங்கையையும் கட்டிய நாம் இருவரும் சேர்ந்து போட்ட ஷெட் அது. பீங்கானில் ஃப்யூஸ் கட்டை செய்தோம். சூளையில் இடம் மிச்சமிருந்தால் பக்கத்து ஷெட்டுக்காரர்களின் சரக்கையும் அடுக்கிச் சுட்டுக் கொடுப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ரசீது ஏது, சீட்டு ஏது, எல்லாம் வாய்ச்சொல்தான். வரி அதிகாரிகள் வந்து நின்ற அன்று சூளையில் பாதி, பக்கத்து ஷெட் மேரி அக்காவின் பொம்மைகள். "எல்லாம் யாருது?" என்று கேட்டார்கள். "எங்களுதுதாங்க" என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். கணக்கில் காட்டாத சரக்கு என்று மொத்தத்துக்கும் வரியும் அபராதமும் நம் தலையில் விழுந்தது. ஃப்யூஸ் கட்டை செய்கிறவன் பிள்ளையார் பொம்மை எதற்குச் செய்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் குதித்தேன். "புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?" நீங்கள் நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டே, "வுடுங்க சகலை. நமக்கு ஆடிட்டர் இருக்காரு. அந்தம்மாவுக்கு யாரு இருக்கா?" என்றீர்கள். அந்தக் கோபத்தில் உங்களோடு பேசுவதை நிறுத்தினேன். மூன்றாவது மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். பேசாமலே அனுப்பிவிட்டேன்.

இரண்டு இடங்களில் தோற்றோம். மூன்றாவதாகத் தீர்ப்பாயம், சரக்கைச் சரியாக விசாரிக்கவில்லை என்று சொல்லி வழக்கைக் கீழேயே திருப்பி அனுப்பியது. ஜெயித்துவிட்டோம் என்று லட்டு வாங்கப் போனேன்.

"ஜெயிக்கலீங்க. மறுபடியும் மொதல்லேருந்து பேசணும், அவ்ளோதான்," என்றார் ஆடிட்டர். "ஆனா இந்தத் தடவை அவரு ஒத்துக்கிட்டதையும் மறுக்கலாம். மறுக்கலைன்னா சூளையை வித்துட வேண்டியதுதான். அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது, அவ்ளோ சின்ன யாவாரத்துக்கு வரியே கெடையாது. அப்பவே சொல்லியிருக்கலாம்."

மேரி அக்காவிடம் போய்ச் சொன்னேன். பொம்மைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"எனக்காவ எழுதிக் குடுத்தாரா? எங்கிட்ட யாருமே சொல்லலியே! அட ஆண்டவரே... நான் வரேன் தம்பி."

இன்று மூட்டு வலியோடு என்கூடப் படியேறி வந்து, "அதுல பாதி என் பொம்மைங்க சார்," என்று சொல்லியும்விட்டார்.

அதிகாரி அதைத் தட்டச்சு செய்து தாளை என் பக்கம் தள்ளினார். கடைசி வரியில், காலஞ்சென்ற பங்குதாரர் தெரிந்தே பொய் வாக்குமூலம் கொடுத்தார் என்றிருந்தது.

"பொய்யின்னு வேணாங்க சார். தவறுன்னு போடுங்க," என்றேன். ஆடிட்டர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"தெரிஞ்சுதான சொன்னாரு?" என்றார் அதிகாரி. கோபமாகக்கூட இல்லை, அவருக்கும் அலுப்புதான்.

தெரிந்துதான் சொன்னீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

சூளை தப்பிவிடும் என்கிறார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், உங்கள் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

"அவரப் பத்தி எதுனா பேசுனாங்களா?"

"நல்ல மனுசன்னு சொன்னாங்க அண்ணி."

வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்துவிட்டது, சகலை. உங்களுக்கும் அன்று அப்படித்தான் வந்திருக்கும்.