தண்ணீர் தேடும் கருவி

அன்புள்ள அப்பாவுக்கு,

அமுதவல்லியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பூமிக்கடியில் தண்ணீர் தேட நாங்கள் செய்த கருவியை இந்நாட்டு ராணுவம் கேட்கிறது. எல்லைக்கு அப்பால் பதுங்குகுழிகளில் இருப்பவர்களைக் கண்டுபிடித்துக் குண்டு போடத்தான். தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"ஏனுங்க அக்கா, வேல போயிருமுங்க, பரவால்லீங்களா?" என்றாள் உடன் வேலை செய்யும் நாமக்கல் பிரபா.

"போனா திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டிக்குத் தண்ணிப் பாயிண்ட் பாக்கறேன். தேங்காயக் கையில வெச்சு நீரோட்டம் பாக்கறவருக்கே அங்க மரியாதை இருக்குது!" என்றேன்.

சிரித்துக்கொண்டே அவளும் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எங்கள் கணக்குமுறை இல்லாமல் அந்தக் கருவி அவர்களுக்கு வெறும் பெட்டிதான்.

கொள்ளுப்பொடி அனுப்புங்கள், ஒருத்திக்காகச் சமைக்க அலுப்பாக இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். மாடி அறையை மட்டும் இப்போதைக்கு யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள்.

உங்கள் மகள்,
அமுதவல்லி