நம்ம ரூட்டு

செவ்வாய், இரவு

காலையில் முதல் வேலையாகக் கவிதாவை நேர்காணலுக்கு அழைத்தேன். இழுத்து மூடப்பட்ட விமான நிறுவனத்தில் ஹுப்ளி தடத்தைப் பார்த்துக்கொண்டவள். அந்தத் தடம் இப்போது எங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது.

"திங்க காலைல ஹுப்ளில எறங்கி பக்கத்துல தார்வாட் கோர்ட்டுக்குப் போற வக்கீலுங்களே ஃபிளைட்டை நிரப்பிடுவாங்கக்கா. வியாழன் காத்தாடும். நம்ம ரூட்டு எனக்கு மனப்பாடம்."

அவள் போனதும் மேலாளர் சிரித்தார். "நம்ம ரூட்டாம்! எல்லாம் சொல்லிட்டாளே, இனி ஆள் எதுக்கு மேடம்?"

நானும் சிரித்தேன்.

மாலையில் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "எப்பக்கா ஜாயின் பண்ணணும்?"

வக்கீல்கள் திரும்பும் கிழமையைக் கேட்க மறந்துவிட்டேன். நாளை முதலில் அதைக் கேட்டுக்கொள்வேன். வேலை இல்லை என்பதை அப்புறம் சொல்வேன்.