ஜெனி தமிழில் பேசினாள்

ஞாயிறு இரவு

சும்மா இருக்க முடியவில்லை. எழுதிக்கொண்டாவது இருக்கிறேன்.

இன்றைய ஐஸ் ஹொக்கி மாட்சில் எங்கள் கழகத்துப் பிள்ளை ஜெனி வழுக்கிப்போய், தளத்தைச் சுற்றியிருக்கும் பலகையில் தலை மோத விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள்தான். ஆனாலும் தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று மறுபடி இறக்கக் கூடாது. மற்றப் பயிற்சியாளர்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொன்னவனே நான்தான்.

ஓடிப்போய், "ஆர் யூ ஓகே?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் இல்லை மாமா. நான் விளையாடுறன்."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் ஒரு சொல் தமிழில் பேசியதில்லை. நான் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கெட்டிக்காரி, போ" என்று அனுப்பிவிட்டேன். ஒரு கோலும் அடித்தாள்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. ஏன் தமிழில் பேசினாள்? தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் அவள் தாய்க்குப் போன் எடுத்தேன்.

"அவள் நித்திரை அண்ணை. சாப்பிடவும் இல்லை, களைப்பாக்கும். உங்களுக்குத்தான் நன்றி சொல்லவேணும். வந்ததிலயிருந்து எங்களோட ஒரே தமிழ்தான்!"

அவர் குரலிலும் அதே சந்தோஷம்.

"உடன எழுப்புங்கோ தங்கச்சி" என்றேன்.

"எழுப்பிப்போட்டு எடுக்கிறன்" என்று வைத்தார். இன்னும் எடுக்கவில்லை. கார்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

போன் அடிக்கிறது.