கிளிக்குப் போட்ட ஒட்டு

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிப் பட்டறையில் இன்று காலையெல்லாம் தலைவேதனை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு அளவு அனுப்பும் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் மின்விசிறி முழுக்கத் தூசி. ஊதினேன், சரியாகிவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார் முதலாளி, ஏதோ நான் ஏமாற்றியதுபோல.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மேல் வீட்டிலிருந்து கரண்டிச் சத்தம். அக்கா படிக்கட்டுக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் 'வா' என்று அர்த்தம். விடாமல் தட்டினால் 'உடனே வா'. அவளுக்கு அறுவை செய்து குரல்வளையை எடுத்த பிறகு எங்கள் இருவருக்கும் அதுதான் காலிங்பெல். இன்று விடாமல் தட்டினாள்.

மூச்சிரைக்க ஏறினேன். அவள் மடிக்கணினியில் தட்டச்சு செய்தாள், அதை உரக்க வாசிக்கும் 'கிளி' பேசியது. "தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துட்டுப் போனாங்க. இருபதாம் தேதி ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டணுமாம். பிள்ளைங்களுக்குப் புரிஞ்சா நான் பழையபடி கணக்கு டீச்சர். இல்லேன்னா ஆபீஸ்ல ஒரு மேசை."

"ஆபீஸ்ல என்ன வேலை?"

"முத்திரை குத்துற வேலை. அதுக்கு வாய் வேண்டாமே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளோடு மல்லுக்கட்டாமல் ஒரு வாரம் இருந்தாலே காய்ச்சல் வந்தவள்போல ஆகிவிடுவாள். அவளைக் கொண்டுபோய் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைப்பதா?

மார்ச் 5, வியாழன்

கிளியைப் பற்றி இதுவரை ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. எழுதுகிறேன்.

அக்கா தட்டுவதை உரக்க வாசிக்கும் மென்பொருளுக்கு நாங்கள் வைத்த பேர்தான் கிளி. இலவசமாகக் கிடைப்பது, நல்லதுதான். ஆனால் பிறவிக் குணம் ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தை வாசிக்கும்போதே அடுத்தது வந்துவிட்டால், முதலாவதைப் பாதியில் வெட்டிவிட்டுப் புதியதற்குத் தாவும். அக்காவின் விரல்களோ புயல். ஆரம்பத்தில் அவள் பேச்சு முழுக்க அரைகுறை வாக்கியம். "உங்க அத்தான் இதைவிடத் தேவலாம்டி, அவர் குறுக்கே பேசினாலும் நான் முடிச்சிடுவேன்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

அக்காவின் மடிக்கணினியிலும் நான் எனக்குப் பழகிய ஒரு வகை லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் போட்டேன். இதில் எந்த மென்பொருளும் தயாராக வராது. அதன் மூலநிரலை இறக்கி, நம் கணினியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைப் பார்ப்பது தொகுப்பு மேலாளர் என்ற ஒரு நிரல். என் வீட்டுக்காரர் கேலி செய்வார்: "ஊரே ரெடிமேட் சட்டை போடுது, நீ மட்டும் பருத்தி விதைக்கிறே." செய்யட்டும். விதைப்பதால் ஒரு வசதி உண்டு. எனக்குப் பிடிக்காத வரியை மாற்றலாம்.

மாற்றினேன். புதிய வாக்கியம் வந்தால் வெட்டாதே, வரிசையில் நிற்க வை. சில வரிகள்தான். அந்த மாற்றத்தை ஒரு சின்னக் கோப்பாக்கி, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல, அதற்கென்று உள்ள இடத்தில் அந்த மென்பொருளின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து உள்ளே வைத்துவிட்டேன். மேலாளர் கிளியைக் கட்டும்போதெல்லாம் அந்த ஃபோல்டரைப் பார்த்து, ஒட்டைப் போட்டுவிட்டுத்தான் கட்டுவார்.

அதன்பின் கிளி ஒழுங்காகப் பேசி முடித்தது. அக்கா முதல்முறையாக முழுசாகத் திட்டியது அத்தானைத்தான். கேட்டுக்கொண்டே நின்றார் மனுஷன், கண் கலங்கிப் போய்.

மார்ச் 8, ஞாயிறு

பாடம் நடத்தும் நாளில் எதுவும் மக்கர் பண்ணக் கூடாது என்று, இன்று உட்கார்ந்து அக்காவின் கணினி முழுவதையும் புதுப்பித்தேன். கட்டி முடிக்கப் பகல் முழுக்க ஆயிற்று. ஒரு பிழை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

கிளி வெட்டுகிறது.

மார்ச் 11, புதன்

ஒலி அமைப்பு என்று நினைத்தேன், மாற்றினேன். இல்லை. ஸ்பீக்கர் என்று நினைத்தேன், பட்டறையிலிருந்து வேறொன்று கொண்டுவந்து மாட்டினேன். இல்லை. விசைப்பலகையைக்கூடக் கழற்றித் துடைத்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஒட்டு இருக்கிறதே! வைத்த ஃபோல்டரில் வைத்தபடி இருக்கிறது, திறந்தும் பார்த்துவிட்டேன். பிறகு ஏன்? பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றால் அதைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

"எதுக்குத் தொட்டே? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் இவர். கேட்கக் கூடாத கேள்வி. ரெண்டு நாளா நானே என்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கிற கேள்வி.

மார்ச் 14, சனி

இன்று நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

அக்கா கூடத்தில் அத்தானையும் என்னையும் பிள்ளைகளாக உட்கார வைத்துப் பாடத்தை ஒத்திகை பார்த்தாள். பின்னங்கள். காகிதப் பட்டையை மடித்துக் காட்டியபடியே தட்டினாள். "ஒரு முழுப் பட்டையை நாலா மடிச்சா ஒவ்வொரு—" வெட்டு. "இப்ப மேல இருக்கிற மடிப்பை மட்டும்—" வெட்டு. மெதுவாகத் தட்டச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருந்து தட்டினாள். பாடம் நகரவே இல்லை. அத்தான் வேறு பாவம், நல்ல மாணவனாக இருக்க முயன்று, புரியாததற்கெல்லாம் தலையாட்டினார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு முகம் மாறியது.

மூடியைப் படாரென்று மூடினாள். சிலேட்டை எடுத்தாள். 'ஆபீஸ் மேசையே போதும்னு திங்கட்கிழமை சொல்லிடறேன்.'

"அவசரப்படாதே அக்கா, கண்டுபிடிச்சிடுவேன்."

அழித்துவிட்டு எழுதினாள். 'நீ என்ன பண்ணுவே, பாவம். நாப்பது பிள்ளைங்க முன்னாடி பாதிப் பாதியாப் பேசி நிக்க என்னால முடியாதுடி.'

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பாவம்ங்கிறா. யாரு பாவம்? நல்லா இருந்ததை நோண்டி, அவ வாயை ரெண்டாவது தடவை அடைச்சது நான். கீழே வந்து முகம் கழுவிக்கொண்டேன். இவர் டீ போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 15, ஞாயிறு

மேலே போனேன். செவ்வாய் வரைக்கும் பொறு என்று கெஞ்சினேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அது சரி என்பதா, சும்மா போ என்பதா, தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

கிடைச்சுடுச்சு! கிடைச்சுடுச்சு! கிடைச்சுடுச்சு!

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பட்டறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்காவின் கணினியிலிருந்து ஒட்டு ஃபோல்டரோடு போனில் நகலெடுத்து வந்திருந்த, கிளியைக் கட்டியபோது பதிவான குறிப்புகளை முதல் வரியிலிருந்து படித்தேன். இத்தனை நாள் அதில் பிழை இருக்கிறதா என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். பிழை இல்லை. இன்றுதான் இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒட்டுப் போட்டால் 'ஒட்டுப் போடுகிறேன்' என்று ஒரு வரி வரும். அந்த வரி இல்லவே இல்லை. மேலாளர் என் ஒட்டைத் தொடவே இல்லை!

ஏன்? ஃபோல்டர் பெயரைப் பார்த்தேன். அட லூசு, அட மகா லூசு!

அன்றைக்கு ரொம்பக் கவனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, மென்பொருளின் பெயரோடு அதன் பதிப்பு எண்ணையும் சேர்த்து ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். எண் போட்டால் அந்த ஒரு பதிப்புக்கு மட்டும் என்று அர்த்தம். வெறும் பெயர் மட்டும் இருந்தால் எல்லாப் பதிப்புக்கும். எட்டாம் தேதி புதுப்பித்தபோது புதிய பதிப்பு வந்தது, எண் மாறியது. மேலாளர் வந்து பார்த்தார், தன் எண்ணுக்கு ஃபோல்டர் இல்லை, கிளம்பிவிட்டார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எந்த ஆபீஸ் மேலாளர் சொல்லியிருக்கிறார், இவர் சொல்ல?

உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். லென்ஸ் தேய்க்கும் அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?"

"அதைவிடப் பெரிசுண்ணே. பேர் வைக்கத் தெரியாம வச்சிருக்கேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சேர்ந்து சிரித்தார். எத்தனை நாளைக்கப்புறம் சோறு தொண்டையில் இறங்கியது!

சாயங்காலம் எண்ணை அழித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னேன். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. ஒட்டைப் போட முடியவில்லையாம், திரையெல்லாம் சிவப்பு எழுத்து. புதிய பதிப்பில் அந்த வரிகள் இருந்த இடம் மாறிவிட்டதால், என் ஒட்டு எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் தவிக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பேன். இன்று அந்தச் சிவப்பைப் பார்த்தால் முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது. கத்துதே! வாயைத் திறந்து கத்துதே! முடியாது என்று சொல்கிற ஆளோடு எப்படியும் பேசிச் சமாளித்துவிடலாம்.

மார்ச் 17, செவ்வாய்

லீவு போட்டேன். அந்த வரிகளை வேறொரு கோப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். தேடிப் பிடித்து, ஒட்டைப் புதிதாக வெட்டித் தைத்தேன். கட்டினேன். வந்தது அந்த வரி: ஒட்டுப் போடுகிறேன். அதை விரலால் தொட்டுப் பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

அக்காவிடம் கணினியைத் திருப்பி வைத்தேன். நம்பிக்கை இல்லாமல்தான் உட்கார்ந்தாள். தட்டினாள், தட்டினாள், நிறுத்தாமல் தட்டினாள். கிளி ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. "எருமை. கழுதை. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை. தலைமையாசிரியைகிட்ட நான் இன்னும் எதுவும் சொல்லலை. நீ செவ்வாய் வரைக்கும்னு சொன்னதால பொறுத்தேன். சாப்பிட்டியா?"

அத்தான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அங்கேயே அழுதேன்.

மார்ச் 20, வெள்ளி

கணினிக்குத் துணையாக என்னையும் கடைசி பெஞ்சில் உட்கார விட்டார்கள். பக்கத்தில் தலைமையாசிரியை, கையில் பேனா.

கிளி வாயைத் திறந்ததும் வகுப்பு முழுக்கக் குசுகுசு. முன் வரிசையில் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், இது யாரோட குரல்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "வாடகைக்கு எடுத்திருக்கேன். திருப்பிக் கேக்கிறதுக்குள்ள பாடத்தை முடிக்கணும், உட்காரு."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. அதற்குப் பிறகு யாரும் குரலைக் கேட்கவில்லை, பாடத்தைத்தான் கேட்டார்கள். அவள் பட்டையை மடிக்க மடிக்கக் கிளி பின்னாலேயே வந்தது. ஓர் இடத்தில் மட்டும், கேள்வியைப் பாதி கேட்கும்போதே இரட்டைச் சடைக்காரி "எட்டில் மூணு!" என்று கத்திவிட்டாள். சரியான விடை. கிளி அதைக் காதில் வாங்காமல் கேள்வியை நீட்டி முழக்கி முடித்தது. அதுவரைக்கும் அக்கா கையைத் தூக்கியபடி அசடு வழிய நின்றாள்.

தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "திங்கட்கிழமையே வரச் சொல்லுங்க. நானே சொல்லலாம், ஆனா அவங்க முன்னாடி நான் அழுதுடுவேன்."

மார்ச் 23, திங்கள்

காலையில் அக்கா படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. கரண்டி தட்டவில்லை. நேரமில்லையாம்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று விடாமல் கரண்டிச் சத்தம். பதறிக்கொண்டு ஓடினேன். அக்கா விடைத்தாள் கட்டுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், விரலெல்லாம் சிவப்பு மை.

"கிளி கெட்டுப்போச்சா?"

"இல்லை. ஆனா அது வாயை மூடவே மாட்டேங்குது" என்றது கிளி, அவள் சார்பில். "பிள்ளைங்க குறுக்கே பதில் சொல்றாங்க. சொன்னா நான் நிறுத்தணும். இது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போனா எப்படி? நான் வாயை மூடுறதுக்கு எனக்கு ஒரு பொத்தான் வேணும்."

சொல்லிவிட்டு என்னை முறைத்தாள், இதைக்கூடச் செய்து தராத தங்கை எதற்கு என்பதுபோல. வெட்டாதே என்று நான் பட்ட பாடெல்லாம் கண் முன்னால் வந்தது. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 12, ஞாயிறு

இரண்டாவது ஒட்டு தயார். விசைப்பலகையின் மேல் ஓரத்தில் ஒரு விசை, அமுக்கினால் கிளி அந்தக் கணமே நிற்கும். அதே ஃபோல்டரில் வைத்தேன், எண்ணில்லாத ஃபோல்டரில். கட்டும்போது 'ஒட்டுப் போடுகிறேன்' என்ற வரிக்குக் கீழே இரண்டு ஒட்டின் பெயரும் வந்தன.

அக்கா சோதித்துப் பார்த்தாள். நீளமாக ஏதோ தட்டினாள். அத்தானும் இவரும்கூட வந்து நின்றார்கள். கிளி கணீரென்று ஆரம்பித்தது. "என் தங்கச்சி மாதிரி கெட்டிக்காரி இந்தத் தெருவிலேயே கிடையாது. ஆனா ஒரு ஃபோல்டருக்குப் பேர் வைக்கச் சொன்னா மட்டும்—"

அமுக்கினாள். சரியாக வேலை செய்கிறது.