வடக்குக் கதவின் பூட்டு

ஜனவரி 9, வியாழன்

வேலியில் மறுபடியும் ஓட்டை. யாரோ கம்பியை அழகாக வெட்டி, ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு வளைத்துவிட்டிருக்கிறார்கள். வெட்டிய துண்டுகளைச் சுருட்டி ஓரமாக வேறு வைத்திருக்கிறார்கள், யார் காலிலும் குத்தக்கூடாதாம். இப்படிப்பட்ட நல்ல மனசுக்காரர்களோடுதான் நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கட்டினேன். கை கிழிந்தது. நாளைக்கும் வெட்டினால் நாளைக்கும் கட்டுவேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நகராட்சிக் கூட்டம். பழைய பல்லவிதான்: ஏரியைச் சுற்றி முழுப் பாதை வேண்டும், சிமெண்டில், விளக்குக் கம்பங்களோடு. ஏரியாம். அப்பா ஜல்லிக்காகத் தோண்டித் தோண்டி, தண்ணீர் ஊறி, கடைசியில் கைவிட்ட குவாரிப் பள்ளம் அது. குவாரி ஓடிய காலத்தில் இவர்களில் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போது நாணலும் பறவையும் வந்ததும் எல்லோருக்கும் அது தாய்வீடு.

நானும் அண்ணனும் ஏற்கெனவே தெற்குப் பாதியை ஊருக்கு விட்டுக்கொடுத்தாகிவிட்டது. நடைபாதை, பெஞ்சு, கார் நிறுத்த இடம் எல்லாம் அங்கே இருக்கிறது. வடக்குப் பாதிதான் வேலிக்குள், பூட்டுக்குள். சாவி என்னிடம். அதுதான் அவர்கள் கண்ணை உறுத்துகிறது.

நகராட்சி இன்ஜினியர் எழுந்தார். "மேடம், உள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"ஆட்காட்டி கூடு கட்டுது. தரையில முட்டை போடற பறவை. மிதிச்சா போச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"சத்தம் கேக்குது."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். கடைசியில் தலைவியம்மா ஒரு முடிவு சொன்னார்: ஏப்ரல் முடிவதற்குள் வேலிக்குள் ஒரு கூடாவது இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டினால் வேலி நிற்கும். இல்லையென்றால் வேலி போகும், பாதை வரும்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றா, வரிசையாகக் காட்டுகிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வேலி வெட்டுகிற ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நாய்க்காரர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மந்திரி என்று ஒரு நாய் வைத்திருக்கிறார். மந்திரி கயிறு அறியாத மந்திரி, நினைத்த இடத்துக்குச் சுற்றுப்பயணம். கையும் களவுமாகப் பிடித்தேன். மனுஷர் ஓடக்கூட இல்லை. கட்டிங் பிளேயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"இருபது வருஷமா நடந்த வழிம்மா. நீங்க வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது."

"நிலம் எங்களுது."

"நிலம் உங்களுது. வழி?"

என்ன திமிர். கம்பியைக் கட்டினேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கார் நிறுத்தும் இடத்தில் நகராட்சி புதிதாக ஜல்லி கொட்டியிருக்கிறது. லாரி லாரியாக. ஜல்லிக் குவாரிக்கு வெளியிலிருந்து ஜல்லி. அப்பா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

நான் தங்கியிருப்பது அவருடைய பழைய எடைமேடை அறையில். லாரிகளை எடைபோட்ட முள் இன்னமும் சுவரில் இருக்கிறது, எதையும் எடைபோடாமல். ஜன்னலில் இருந்து தெற்குப் பக்கம் தெரியும், வடக்கு தெரியாது. வேண்டுமென்றுதான் எட்டிப்பார்ப்பதில்லை. உயிர்களுக்கு விட்டது என்றால் விட்டதுதான். நானே நுழைந்து கலைத்தால் நாய்க்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மார்ச் 16, ஞாயிறு

விடிந்ததிலிருந்து ஆட்காட்டி கத்துகிறது. கத்து ராசா, கத்து.

மார்ச் 29, சனி

இன்று உள்ளே போனேன். கூட்டைக் கண்டுபிடித்து அடையாளம் வைத்தால்தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட முடியும். கதவைத் திறப்பதே பெரும்பாடு, பூட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

புல். இடுப்பளவு புல். அதற்குமேல் முள்செடி. ஒரு கீரி என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பட்டாம்பூச்சி. நாணலில் சின்னச் சின்னக் குருவிகள். எல்லாம் இருக்கிறது. ஆட்காட்டி இல்லை.

காலையிலிருந்து வெயில் ஏறும்வரை குனிந்து குனிந்து தேடினேன். அதற்கு வேண்டியது வெறும் கல்தரை. நாலாபக்கமும் பார்வை போக வேண்டும், வருகிற ஆபத்து தூரத்திலேயே தெரிய வேண்டும். இங்கே கல்தரையே இல்லை. புல் மூடிவிட்டது. ஏன் மூடியது? மிதிக்க ஆளில்லை, அதனால்.

நடந்தவர்களும் சைக்கிள் ஓட்டியவர்களும் அந்தப் பாழாய்ப்போன நாயும்தான் இத்தனை வருஷம் அந்தத் தரையைப் புல் ஏறாமல் வைத்திருந்திருக்கிறார்கள். நான் அவர்களை விரட்டினேன். பின்னாலேயே பறவையும் போய்விட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளே வந்து பார்த்திருக்கலாம். மரியாதையாம் மரியாதை. புத்தி எங்கே போச்சு எனக்கு?

அப்படியென்றால் சத்தம் எங்கிருந்து வருகிறது?

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் போனில். எல்லாவற்றையும் சொன்னேன். உடனே வழி சொன்னான்: "நாலு கூடு இருக்குன்னு சொல்லிடு. பக்கத்துல போனா முட்டையை விட்டுட்டுப் போயிடும்னு சொன்னா எவன் உள்ள வருவான்? சாவி உன்கிட்டதான இருக்கு."

அவன் சொல்வது நடக்கும். அதுதான் கோபமாக வருகிறது. நான் சொன்னால் நம்புவார்கள், இங்கே பறவையைப் பற்றிப் பேச வேறு ஆளில்லை.

"முடியாதுண்ணா."

"வேலி போயிடும்டி."

"போகட்டும். பொய் சொல்லித்தான் அதைக் காப்பாத்தணும்னா எனக்கு அது வேண்டாம்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். விளக்குக் கம்பம் நட்டால் நாணல் குருவிகள் என்ன செய்யும்?

ஏப்ரல் 5, சனி

நாய்க்காரர் கதவைத் தட்டினார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உங்க பறவை என் நாயைக் கொத்த வருதும்மா."

"எங்க?"

"கார் நிறுத்தற இடத்துல."

செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். இரண்டு ஆட்காட்டிகள் மந்திரியின் தலைக்குமேல் மாறிமாறிப் பாய்ந்துகொண்டிருந்தன. மந்திரி பெஞ்சுக்கு அடியில் பதுங்கியிருந்தது. புது ஜல்லிக்கு நடுவில், கல்லோடு கல்லாக, மூன்று முட்டைகள். நாலாவது டயர் தடத்தில் உடைந்து கிடந்தது.

அழுதேன். நாய்க்காரர் பார்க்காததுபோல ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளைக்கு ஞாயிறு. கார்கள் வந்து குவியும். என் பழைய வேனை நுழைவாயிலுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஹாரன், ஹாரன், ஹாரன். மத்தியானம் இன்ஜினியரே வந்துவிட்டார்.

"வண்டியை எடுங்க மேடம்."

"எடுக்க மாட்டேன்."

"வடக்குதான் உங்க கையில. இது எங்க இடம்."

"அது பறவைக்குத் தெரியாது."

"அப்ப வேலிக்குள்ள கூடு இல்லைன்னு ஒத்துக்கறீங்க."

சட்டென்று பிடித்துவிட்டார். முட்டாள் இல்லை அவர், அதனால்தான் எனக்கு அவரைப் பிடிப்பதில்லை. நாணல் குருவிகள் மனசில் வந்து போயின. "இல்ல" என்றேன். "ஒண்ணுகூட இல்ல. கூட்டத்துல நானே சொல்றேன். அதுவரைக்கும் வண்டி நகராது. தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க."

கிரேன் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். அப்போதுதான் நாய்க்காரர் வந்து வேன் பம்பரில் உட்கார்ந்தார், மடியில் மந்திரியோடு. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். கிரேன் வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கூட்டம். போனதும் எழுந்து நின்று சொன்னேன்: வடக்கில் கூடு இல்லை. என் தப்பு. ஆளே போகக்கூடாது என்று பூட்டினேன், புல் மண்டிவிட்டது. சொன்னபடி வேலியை எடுத்துவிடுங்கள்.

இன்ஜினியர் பேனாவை மூடினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

"இன்னும் முடிக்கல" என்றேன். "பறவை உங்க ஜல்லியைத் தேடி வந்திருக்கு. அதனால அந்த இடத்தை இனிமே நான் பூட்டறேன். பதிலுக்கு வடக்கே நடங்க. இத்தனை வருஷம் நடந்த மாதிரி, கால்ல. சிமெண்ட் கிடையாது, விளக்கு கிடையாது. நாணல் பக்கம் மட்டும் வேலி நிக்கும்."

"அப்ப காரை எங்க நிறுத்தறது?"

"ரோட்டுல. அங்கிருந்து நடந்து வாங்க, தேய்ஞ்சு போயிட மாட்டீங்க."

ஆளாளுக்குக் கத்தினார்கள். தலைவியம்மா மேசையைத் தட்டிப்பார்த்துச் சோர்ந்துபோனார். அந்தச் சத்தத்தில் நாய்க்காரர் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

"வடக்குவழியைத் திறந்துவிட்டா, நான் மந்திரிக்குக் கயிறு போடறேன்."

மந்திரியைத் தெரிந்த அத்தனை பேரும் கத்துவதை விட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். அதன்பிறகுதான் கை தூக்கச் சொன்னார் தலைவியம்மா. மயிரிழையில் தப்பித்தேன். இன்ஜினியர் கை தூக்கவில்லை.

மே 4, ஞாயிறு

பொரிந்துவிட்டது. காலும் கண்ணுமாக மூன்று குஞ்சுகள். மத்தியானத்துக்குள் தாயின் பின்னால் ஜல்லியில் ஓடுகின்றன. அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "நாலு கூடுன்னு சொல்லிருந்தா இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம்" என்றான். ஆனால் போட்டோ அனுப்பச் சொன்னான்.

மே 5, திங்கள்

வடக்குக் கதவின் பூட்டைக் கழற்றி, எண்ணெய் போட்டு, கார் நிறுத்தும் இடத்துச் சங்கிலியில் மாட்டினேன். அதே பூட்டுதான். மாற்றுச் சாவி நாய்க்காரரிடம்.

மறு வருஷம், மார்ச் 11, புதன்

வடக்கில் பாதை விழுந்துவிட்டது. யாரும் போடவில்லை, நடந்து நடந்து விழுந்தது. ஓரமெல்லாம் கல்தரை எட்டிப்பார்க்கிறது. அடுத்த வருஷம் ஆட்காட்டி அங்கேயும் வரலாம், வராமலும் போகலாம். இனி உள்ளே போய்ப் பார்ப்பேன்.

காலையில் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு கார் நின்றது. இன்ஜினியர் இறங்கி, தூசியில் பளபள ஷூவோடு நடந்து வந்தார். விளக்குக் கம்பம் பேச்சை மறுபடி எடுக்கப்போகிறார் என்று பதிலைத் தயார் செய்துகொண்டேன். அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, ஜல்லிப் பக்கம் கண்ணைக் காட்டிக் கேட்டார்:

"வந்துடுச்சா?"

"வந்தாச்சு" என்றேன். "ஆனா உங்களை அதுக்கு இன்னும் பழக்கமில்ல. இங்கேயே நில்லுங்க."

நின்றார்.