ருக்குமணி குதித்த கிணறு

சித்திரை 4, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பின்பக்கக் கிணறு தையிலேயே வற்றியாயிற்று. தெருக்குழாயில் ருக்குமணி பிடித்து வைத்த ஒரு குடம்தான் குளிக்கவும் குடிக்கவும்.

கம்பெனிக்கு அரை நாள் மட்டம். மாதர் நலச் சங்கத்தார் தெருத் தெருவாகத் தற்கொலைத் தடுப்புப் பிரச்சாரம் செய்கிறார்கள். பேச ஆள் வேண்டுமாம். எங்கள் ஊர் மண்ணரையில் தொண்டை என்றால் யார்? நான் இங்கே இருமினால் அவிநாசியில் கேட்கும். காரியதரிசி அம்மாள் பி.ஏ., நான் ஐந்தாம் வகுப்பு. என்னைப் போலப் பேச அவர் காலேஜிலேயே ஆளில்லையாம். (வாயால் சொன்னது, "சத்தமாப் பேசுவீங்களா?" அர்த்தம் அதுதான்.)

அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். பெண்களுக்குச் சொல்ல வேண்டியவை:
பொறுமை.
புருஷன் கோபம் கோடை மழை, பெய்து விட்டுவிடும்.
பிள்ளை முகத்தை நினை.
கிணற்றுப் பக்கம் தனியே போகாதே.

ஆண்களுக்கு? கேட்டேன். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. "அவங்க வந்து முன் வரிசையில உக்காந்தாப் போதும்" என்றார்.

சித்திரை 6, வெள்ளி

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

மறக்கக் கூடாதது: 15, ஞாயிறு, பல்லடத்தில் ரு. (ருக்குமணி) விஷயம். செத்துப்போன என் அக்காவின் மகள். குண்டடத்தில் கட்டிக் கொடுத்தோம். மாசியில் முதுகெல்லாம் தடிப்போடு வந்து நின்றாள். இரண்டு வயசுக் குழந்தை செல்வியை அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் கம்பெனியிலேயே பனியன் மடிக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். குழந்தை யாரிடம் என்று அன்றைக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து முடிவு சொல்வார்கள். இந்த மாதிரி வழக்கில் தாய்மாமன் சொல்தான் சாட்சி. அதற்கு மேல் பேச்சில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங் மாமா. கொழந்தை எங்கூட வந்துரும்."

"என் ஒரு வார்த்தைக்குக் கலெக்டரே எந்திரிச்சு நாற்காலி போடுவாரு, போ கண்ணு."

சிரித்தாள். மாசிக்குப் பிறகு முதல் சிரிப்பு. வேஸ்ட் துணியில் குழந்தைக்கு இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறாள். அளவு குத்துமதிப்பு.

சித்திரை 9, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் கூட்டம். முந்நூறு பேர். ஆயிரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தாளில் உள்ளதைப் படித்தேன். பெண்கள் கொட்டாவி. எங்கள் கம்பெனி மடிக்கிற மேஜைச் சுப்பாத்தாள் எழுந்து, "ஏனுங்ணா, அடிக்கிறவனுக்குக் கூட்டம் என்னைக்குங்க?" ஒரே சிரிப்பு. விடுவேனா? "அவனுக்குத்தான் டீக்கடையில தெனமும் நடக்குதே!" முன் வரிசை விசில் அடித்தது. ஆனால் பின்னால் பெண்கள் எழுந்து புடவையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

எடுத்து விட்டேன் ஒரு கதை. போன மாசம் என் அக்கா மகளே கிணற்றில் குதித்தாள். நான் சோற்றுக் கையோடு பின்னாலேயே பாய்ந்தேன். நாற்பதடித் தண்ணீர். உள்ளே ஒரு நல்ல பாம்பு. அதை இடது கையால் தள்ளி, வலது கையால் இவள் மயிரைப் பிடித்துத் தூக்கினேன். எழுந்த பெண்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். அழுகை. காரியதரிசி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் துண்டு போர்த்தினார்கள். நல்ல துண்டு, ஈரோடு.

ரு. மூன்றாம் வரிசை. பாதியிலேயே போய்விட்டாள். வீட்டில்:

"நான் எப்பங்க மாமா குதிச்சேன்?"

"பொதுக்காரியம் கண்ணு. உப்புப் போடாம சோறு எறங்குமா?"

"இந்தப் பேச்சு குண்டடத்துக்குப் போயிரும்ங்க."

"போகட்டுமே. உனக்கும் ஒரு பேரு."

சித்திரை 12, வியாழன்

பிரச்சாரம் வேலை செய்கிறது. கம்பெனியில் ரு.வைக் கத்தரி இல்லாத மூலைக்கு மாற்றிவிட்டார் சூப்பர்வைசர். கக்கூசுக்குப் போனாலும் கூட இரண்டு பேர். தெருப்பெண்கள் வந்து வந்து பார்க்கிறார்கள். ஒருத்தி திருநீறு பூசிவிட்டுப் போனாள். இவளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். நன்றி கெட்ட ஜென்மம்.

செருப்பு வந்துவிட்டது.

சித்திரை 15, ஞாயிறு

பல்லடம். எட்டு இட்லி, இரண்டு வடை.

கோயில் மண்டபத்தில் பெரியவர்கள். மாமியார்க்காரி இடுப்பில் செல்வி. இவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிற்று. மாமியார்க்காரி முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"கெணத்துல குதிக்கிறவகிட்டக் கொழந்தைய எப்படிங்க உடறது? ஊரே சொல்லுதுங்க."

"நான் குதிக்கவே இல்லீங்க. மாமனைக் கேளுங்க" என்றாள் ரு.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "தாய்மாமன் சொல்லட்டும். மேடையில சொன்னது நெசமுங்களா?"

என் தோளில் அந்தத் துண்டு. கூட்டத்தில் மண்ணரை ஆட்கள் நாலு பேர். ஆயிரம் பேர் முன்னால் சொன்னதை ஒரு பிள்ளைக்காகப் பொய் என்பதா? என் வாய்க்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

"நெசமுங்க" என்றேன்.

"பாம்புமுங்களா?"

"பாம்புமுங்க. ஆறடி."

குழந்தை குண்டடத்துக்கே என்று முடிந்தது. புறப்படும்போது ரு. சட்டையைக் குழந்தை மேல் வைத்துப் பார்த்தாள். கை நீளம் போதவில்லை. குழந்தை வீறிட்டது. நான்தான் கமர்கட்டு வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் அவள் அந்தச் சட்டைக் கையின் தையலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு நல்ல தூக்கம்.

சித்திரை 17, செவ்வாய்

காரியதரிசி அம்மாள் தகரப் பலகையோடு வந்தார். "இங்கே ஓர் உயிர் காக்கப்பட்டது." அழகான எழுத்து. கிணற்றங்கரையில் நட வேண்டுமாம். கூட வந்தவன் எட்டிப் பார்த்தான். உள்ளே உடைந்த வாளி, எருக்கஞ்செடி.

"நாப்பதடித் தண்ணீங்களா?"

"அப்ப இருந்துச்சு."

அம்மாள் கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "எழுதியாச்சு, நட்டுருங்க" என்றார்.

ரு. குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பெரியவங்களை ஒருக்காக் கூட்டியாந்து இதைக் காட்டலாமுங்களா மாமா? எருக்கு எத்தனை நாளா மொளச்சிருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

சித்திரை 18, புதன்

விடியுமுன் ஆள் பிடித்துக் கிணற்றை மண் போட்டு மூடினேன். பாதுகாப்பு முக்கியம். பலகை மட்டும் மேலே நிற்கிறது, கோயில் கொடி மாதிரி. அம்மாள் கேள்விப்பட்டு, முன்மாதிரி என்றாராம்.

ரு. வாசலில் நின்று கேட்டாள்.

"எத்தனை வண்டி மண்ணுங்க மாமா?"

"மூணு."

"நாப்பதடித் தண்ணியும், ஆறடிப் பாம்பும், நானும் இருந்த கெணறு, மூணு வண்டியில ரொம்பிருச்சுங்களா?"

நாளை அவிநாசியில் கூட்டம். ஆறு வண்டி என்று சொல்ல வேண்டும்.